முகத்தில் மூன்று கிளை

தாயின் வயிற்றில் கரு உருவாகி எட்டு வாரம் போல ஆகியிருக்கும். முழு உடலின் நீளமும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இராது. விரல்கள் சரியாகப் பிரியவில்லை. கண் பார்க்காது, காது கேட்காது. அந்தப் பருவத்திலேயே உடம்பில் ஓர் இடம் மட்டும் தொடுதலை அறியத் தொடங்கிவிடுகிறது. உதட்டைச் சுற்றியுள்ள தோல்தான் அந்த இடம். அங்கே மெல்லப் பட்டால் கரு தலையைத் திருப்பிக்கொள்கிறது. கைக்கும் காலுக்கும் அந்த அறிவு வருவதற்கு முன்பே முகத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த முந்துரிமைக்குக் காரணம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் கன்னத்தை விரலால் வருடிப் பாருங்கள். தொட்ட பக்கமாகத் தலையைத் திருப்பி, வாயைத் திறந்து, முலைக்காம்பைத் தேடும். யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை. பசியாற்றும் வழியைப் பிறக்கும் முன்பே அதன் கன்னத்தில் எழுதி அனுப்பியிருக்கிறான் படைத்தவன்.

அந்த எழுத்தைச் சுமக்கும் நரம்புக்கு முக்கிளை நரம்பு என்று பெயர். மருத்துவர்கள் ட்ரைஜெமினல் நரம்பு என்பார்கள். மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் இது ஐந்தாவது, அவற்றுள் மிகப் பெரியது. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. மூளைத்தண்டின் நடுப்பகுதியிலிருந்து வெளிவந்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் இதற்கென்றே அமைந்த ஒரு சிறு குகைக்குள் நுழைகிறது. அங்கே பிறை வடிவத்தில் ஒரு நரம்பு முடிச்சு. வியன்னாவில் உடற்கூறு கற்பித்த காசர் என்ற ஆசிரியரின் பெயரை அவருடைய மாணவர் ஒருவர் 1765-ல் அதற்குச் சூட்டினார். அந்த முடிச்சிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. மேல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் மூக்குத்தண்டுக்கும் போகிறது. நடுக்கிளை கன்னம், மேலுதடு, மேல்வரிசைப் பற்கள், அண்ணம் ஆகியவற்றுக்கு. கீழ்க்கிளை தாடைக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும் நாக்கின் முன்பகுதிக்கும். மூன்றும் எலும்பில் தமக்கென விடப்பட்ட தனித்தனி வழிகளில் வெளியேறுகின்றன. ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று அனேகமாகப் போவதில்லை. நெற்றி, கன்னம், தாடை என்று முகத்தை மூன்றாகப் பங்கிட்டுக் காவல் காக்கின்றன.

அந்தக் காவல் எவ்வளவு விழிப்பானது என்பதைச் சாப்பாட்டுத் தட்டிலேயே பார்க்கலாம். வாய் நிறையச் சோறு. தாடைத் தசைகள் முழு விசையோடு மென்றுகொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு சிறு கல் கடிபடுகிறது. "கல்" என்று மனம் உணரும் முன்பே தாடை நின்றுவிடுகிறது. பல்லைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநாரில் உட்கார்ந்திருக்கும் உணர்விகள் அழுத்தத்தின் மாறுபாட்டைக் கண்டு செய்தி அனுப்ப, மெல்லும் தசைக்குப் போகும் கட்டளை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அறுந்துபோகிறது. செய்தியைக் கொண்டுபோவதும் முக்கிளை நரம்பு. தசையை இயக்குவதும் நிறுத்துவதும் அதே நரம்பின் இன்னொரு பகுதி. அது நிற்காமல் போயிருந்தால் பல் விண்டிருக்கும்.

கண்ணின் கருவிழிப் படலத்தைத் தொடுவதும் இதே நரம்புதான். தோலோடு ஒப்பிட்டால் அங்கே உணர்வு நுனிகள் பல நூறு மடங்கு நெருக்கமாக இருக்கின்றன. ஒரு தூசி விழுந்தால் இமை மூடிக்கொள்வதும் கண்ணீர் பெருகுவதும் அதனால்தான். வெங்காயம் நறுக்கும்போது கண் கலங்குவதும் இந்த நரம்பு எழுப்பும் எச்சரிக்கையே. மிளகாயின் காரத்தை நாம் சுவை என்கிறோம். உடலியலின் கணக்கில் அது நாக்கின் சுவைமொட்டுகள் தரும் செய்தி அல்ல. மிளகாயிலுள்ள கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணர்வதற்கென்று நரம்பு நுனியில் உள்ள ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. வாய் எரிகிறது என்று சொல்லிவைத்த முன்னோர் சரியாகத்தான் சொன்னார்கள். அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கொடையே வலியாகும்போது

இத்தனை நுட்பமாகப் படைக்கப்பட்ட நரம்பு நோய்ப்பட்டால் அந்த நுட்பம் முழுவதும் வேதனையாகத் திரும்புகிறது. முக்கிளை நரம்பு வலி என்று அதைச் சொல்கிறோம். மனிதர் அனுபவிக்கும் வலிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்றாக மருத்துவ நூல்கள் இதை வைக்கின்றன.

வந்தவர்களைக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: கரண்ட் ஷாக். கன்னத்திலோ தாடையிலோ சுளீரென்று பாயும். ஒரு நொடிக்கும் குறைவாகவோ, அதிகம் போனால் இரண்டு நிமிடமோ இருக்கும். பிறகு சுத்தமாக விட்டுவிடும். சற்று நேரத்தில் மறுபடி பாயும். நாளுக்குப் பல பத்து முறை வருகிறவர்கள் உண்டு. சில மாதங்கள் அடியோடு மறைந்து, போய்விட்டது என்று நம்பிய வேளையில் திரும்பி வருவதும் உண்டு. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான், அதிலும் வலப்பக்கம் அதிகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஆண்களைவிடப் பெண்களுக்கும் கூடுதலாக வருகிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் நான்கைந்து பேருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கு.

வலியைக் கிளப்புபவை எவை என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. முகம் கழுவுவது, பல் துலக்குவது, சவரம் செய்வது, ஒரு வாய் சோறு மெல்லுவது, பேசுவது, ஃபேன் காற்று கன்னத்தில் படுவது. இந்த நோய் உள்ளவர் சாப்பிட உட்கார்ந்தால் கவனியுங்கள். சோற்றைக் கஞ்சியாகக் கரைத்து, வலியில்லாத பக்கமாக வாயைச் சாய்த்து, மெல்லாமல் விழுங்குவார். நடுவில் கை அப்படியே நின்றுவிடும். கண் இறுக மூடிக்கொள்ளும். முகத்துக்கு அருகே கை வரும், ஆனால் தொடாது. தொட்டால் இன்னொரு முறை பாயும் என்று அவருக்குத் தெரியும். பேரப்பிள்ளை முத்தமிட வந்தால்கூட மறு கன்னத்தைத்தான் காட்டுவார்.

வலி பல்லில் பாய்வதால் முதலில் போவது பல் மருத்துவரிடம்தான். "டாக்டர், இந்தப் பல்லையும் எடுத்துடுங்க" என்று கெஞ்சி, நல்ல பற்களை ஒவ்வொன்றாக இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பல் போன இடத்தில் வலி போகவில்லை. 1677-ல் பாரிஸில் இங்கிலாந்துத் தூதரின் மனைவிக்கு இந்த வேதனை வந்தபோது அவருக்கும் பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன. சிகிச்சைக்கு அழைக்கப்பட்டவர், பின்னாளில் தத்துவ மேதையாகப் புகழ்பெற்ற ஜான் லாக். பேசவும் வாய் திறக்கவும் முடியாமல் அந்த அம்மையார் துடித்ததை அவர் கடிதங்களில் விவரித்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் 1756-ல் பிரான்சின் நிக்கோலா ஆந்த்ரேயும், 1773-ல் லண்டனில் ஜான் ஃபாதர்கில்லும் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். இருந்தும் காரணம் யாருக்கும் புலப்படவில்லை. எரிச்சலா, வீக்கமா, சீழா என்று முகம் முழுவதும் தேடினார்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

காரணம் அங்கே இல்லை என்பதுதான் விஷயம். அது மண்டையோட்டுக்குள், நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளிவரும் சில மில்லிமீட்டர் தூரத்தில் ஒளிந்திருந்தது.

இரண்டு நல்லவை உரசும் இடம்

ஒவ்வொரு நரம்பிழையின் மேலும் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது. இழைக்குள் ஓடும் மின்செய்தி பக்கத்து இழைக்குத் தாவாமல் காப்பதும், அதை விரைவாகக் கொண்டுசேர்ப்பதும் அந்த உறையே. மூளைக்குள் இந்த உறையை நெய்வது ஒருவகை செல். மூளைக்கு வெளியே நெய்வது வேறொரு வகை செல். முக்கிளை நரம்பு மூளைத்தண்டிலிருந்து சிறிது தூரம் வந்த பிறகுதான் ஒருவர் வேலை முடிந்து மற்றவர் வேலை தொடங்குகிறது. அந்தச் சந்திப்பும் அதற்கு முந்தைய பகுதியும் கொஞ்சம் மென்மையானவை.

அதே இடத்தின் பக்கமாகவே சிறுமூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று வளைந்து செல்கிறது. இளமையில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வயது ஏற ஏறத் தமனி தன் நெகிழ்வை இழந்து சற்று நீண்டு தொங்குகிறது. சிலருக்கு அந்த வளைவு வந்து நரம்பின் மேல் படிந்துவிடுகிறது. இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தாலே ஒரு நாளுக்கு லட்சம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனி ஒரு தட்டுத் தட்டுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அப்படி மெல்ல மெல்ல மயலின் உறை தேய்ந்துபோகிறது. உறை இழந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. தொடுதலைச் சொல்லும் இழையில் வந்த செய்தி, வலியைச் சொல்லும் இழைக்குத் தாவுகிறது. சில இழைகள் காரணமே இல்லாமல் தாமாகவே முழங்குகின்றன. காற்று பட்டது என்ற சிறு செய்தி மூளைக்குப் போய்ச் சேரும்போது கத்திக்குத்தாகிவிடுவது இப்படித்தான்.

இங்கே பகைவன் யாரும் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். தமனி தன் கடமையைச் செய்கிறது. நரம்பு தன் கடமையைச் செய்கிறது. இரண்டும் வாழ்நாள் முழுக்க உழைத்தவை. முதுமையில் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தது மட்டுமே நோய்.

எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு ரத்தக்குழாய்க்குப் பதிலாக அந்த மூலையில் வளர்ந்த கட்டி நரம்பை அழுத்தும். மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே மயலினை அழிக்கும், இளவயதிலும் இரு பக்கமும் வலி வரலாம். தமனி பட்டிருந்தும் வலியே இல்லாமல் வாழ்கிறவர்களும், எதுவும் படாமலே வலியால் துடிப்பவர்களும் உண்டு. ஆனால் அறுவை சிகிச்சையின் கதையை மாற்றியது அந்தத் தமனிதான்.

அறுப்பதிலிருந்து விலக்குவதற்கு

காரணம் தெரியாத காலத்தில் மருத்துவர்கள் கையில் இருந்தது கத்தி ஒன்றே. வலியைக் கொண்டுவரும் நரம்பை அறுத்துவிடு என்பதுதான் யோசனை. 1890-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஃபிராங்க் ஹார்ட்லியும் ஜெர்மனியின் ஃபெடோர் கிராவுஸும் மண்டையோட்டைத் திறந்து நரம்பு முடிச்சை அணுகும் வழியைக் கண்டார்கள். 1901-ல் பிலடெல்பியாவில் ஸ்பில்லரும் ஃபிரேசியரும் முடிச்சுக்குப் பின்னுள்ள வேரை வெட்டினார்கள். பலருக்கு வலி தீர்ந்தது. விலையாக முகம் மரத்துப்போனது. கருவிழி உணர்விழந்ததால் தூசி விழுந்ததும் தெரியாமல் புண்ணாகிப் பார்வை போனவர்கள் உண்டு. மரத்துப்போன அதே கன்னத்தில் இடைவிடாமல் எரியும் புதுவகை வலியோடு எஞ்சிய நாளைக் கழித்தவர்களும் உண்டு. உணர்வை மொத்தமாகப் பறித்து வலியைத் தீர்த்தால் எதை இழக்கிறோம் என்று அந்த முகங்கள் பாடம் சொல்லின.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்ட்டர் டாண்டி வேறு வாசல் வழியாக உள்ளே போனார். காதுக்குப் பின்புறம் திறந்து, மூளைத்தண்டருகே நரம்பின் ஒரு பகுதியை மட்டும் வெட்டினார். அந்த வழியில் போனதால் நரம்பைப் பிறந்த இடத்திலேயே பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 215 நோயாளிகளிடம் தாம் கண்டதை 1934-ல் எழுதினார். நூற்றுக்கு 30 பேர் அளவில் ஒரு தமனி நரம்பின் மேல் படிந்து அதை வளைத்திருந்தது. இதுவே வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். நுண்ணோக்கி இல்லாமல், வெறும் கண்ணால், ஓர் ஆழமான குழிக்குள் அவர் கண்ட உண்மை அது. காலம் அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக இல்லை. 1959-ல் கிளீவ்லாந்தின் கார்டனர் அதே எண்ணத்தைக் கையிலெடுத்துத் தமனியை விலக்கிப் பார்த்தார். அதற்கும் அப்போது பெரிய வரவேற்பு இல்லை.

1960-களின் நடுவில், கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜனெட்டா என்ற இளம் பயிற்சி அறுவை மருத்துவர், பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் காட்டுவதற்காக மண்டை நரம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுவை நுண்ணோக்கி அப்போதுதான் மூளை அறுவைக்குள் வந்துகொண்டிருந்த காலம். அதன் வழியே பார்த்தபோது முக்கிளை நரம்பின் மேல் ரத்தக்குழாய் படிந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. நோயாளியிடமும் அதைக் கண்டபோது நரம்பை வெட்டுவதற்குப் பதில் தமனியை நகர்த்தி வைத்தார். 1967-ல் அதை வெளியிட்டார். மூத்தவர்கள் பலர் நம்பவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பல்லாண்டுகள் ஒவ்வொரு நோயாளியாகச் செய்து காட்டித்தான் அவர் உலகை நம்பவைக்க வேண்டியிருந்தது.

அந்த அறுவையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். நோயாளி முழு மயக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். காதுக்குப் பின்னால் சில சென்டிமீட்டர் கீறல். எலும்பில் ஒரு பெரிய நாணயம் அளவுக்குத் திறப்பு. மூளையை மூடிய சவ்வை விலக்கியதும் தெளிந்த மூளைத் தண்டுவட நீர் வெளியேறுகிறது. நீர் வடிந்ததும் சிறுமூளை தானாகவே தளர்ந்து ஒதுங்கி வழிவிடுகிறது. நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் முதலில் தெரிவது காது கேட்கும் நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும். அவற்றைத் தொடாமல் இன்னும் மேலே, இன்னும் உள்ளே போகவேண்டும். கேட்கும் நரம்பு வாடாமல் இருக்கிறதா என்று காதில் ஒலி கொடுத்து அறுவை முழுவதும் பதிவு செய்துகொண்டே இருக்கிறார்கள்.

கண்ணாடி போன்ற மெல்லிய உள்சவ்வைக் கத்தரித்ததும் முக்கிளை நரம்பு தெரிகிறது. வெளிர்நிறத்தில், லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் சேர்ந்த பட்டையான கற்றை. அதன் தோளில் சிவந்த வளைவாகத் தமனி. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அது எழும்பி நரம்பின் மேல் விழுகிறது. நெடுநாள் தட்டியதில் நரம்பில் ஒரு பள்ளமே விழுந்திருக்கும், அந்த இடம் நிறம் மங்கியிருக்கும். மருத்துவர் தமனியை நுனிக்கருவியால் மெல்லத் தூக்கி நகர்த்துகிறார். இரண்டுக்கும் நடுவே பஞ்சாகப் பிரித்த டெஃப்லான் துணுக்கை வைக்கிறார். இப்போதும் தமனி துடிக்கிறது, ஆனால் அந்த அடி நரம்பில் விழுவதில்லை. எதையும் அறுக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. பலர் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போதே வலி போயிருக்கும், கன்னத்தின் உணர்வும் அப்படியே இருக்கும்.

ஜனெட்டா குழுவினர் இப்படிச் சிகிச்சை பெற்ற 1,185 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 70 பேர் மருந்தில்லாமல் வலியின்றி இருந்தார்கள். இருவர் இறந்தார்கள். நூற்றில் ஒருவர் அளவில் அந்தப் பக்கக் காது கேட்காமல் போனது. மூளையருகே செய்யும் அறுவை எதுவும் விளையாட்டில்லை என்பதை அந்தக் கணக்கும் மறைக்கவில்லை.

வயதானவர்களுக்கும் பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. கன்னத்தின் வழியே நீண்ட ஊசியைச் செலுத்தி, மண்டையோட்டின் அடியிலுள்ள முட்டை வடிவத் துளை வழியாக நரம்பு முடிச்சை எட்டலாம். அங்கே ரேடியோ அலையால் சூடேற்றுவது ஒரு முறை, சின்ன பலூனை ஊதி அழுத்துவது இன்னொரு முறை. கிளிசரால் செலுத்தும் முறை பிறந்த விதம் வியப்பானது. ஸ்டாக்ஹோமில் ஸ்டென் ஹாக்கன்சன் கதிர்வீச்சுக்கு முன் நரம்பின் இடத்தை அடையாளப்படுத்த, உலோகத் தூளைக் கிளிசராலில் கலந்து செலுத்தினார். கதிர்வீச்சு தொடங்கும் முன்பே நோயாளிகளின் வலி மறைந்துவிட்டது. அதை 1981-ல் அவர் எழுதினார். காமா நைஃப் என்பது கத்தியே படாத முறை. ஏராளமான மெல்லிய கதிர்களை நரம்பின் வேரில் ஒரே புள்ளியில் குவிப்பார்கள், பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். இவை எல்லாம் நரம்பைச் சற்றுக் காயப்படுத்தித்தான் வலியை அடக்குகின்றன. அதனால் கொஞ்சம் மரத்துப்போகலாம், சில ஆண்டுகளில் வலி திரும்பவும் வரலாம்.

அறியும் அளவுக்கே மென்மை

இந்த வரலாற்றைப் படிக்கும்போது என் மனத்தில் நிற்பது ஒன்றுதான். படைப்பைப் புரிந்துகொள்ளாத கை முரட்டுத்தனமாக இருந்தது. புரிந்துகொள்ளப் புரிந்துகொள்ள அதே கை மென்மையாகிவிட்டது. பல்லைப் பிடுங்கிய கை, பிறகு முடிச்சை அகற்றியது. வேரை வெட்டியது, வேரில் ஒரு பகுதியை மட்டும் வெட்டியது, கடைசியில் தமனிக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளியை மீட்டுத் தந்ததோடு நின்றுகொண்டது. இளமையில் படைத்தவன் விட்டிருந்த இடைவெளி அது. மனித அறிவின் உச்சம் அந்த அமைப்பை மறுபடி கண்டு வணங்குவதாகவே முடிந்திருக்கிறது.

இவ்வளவு அருமையான நரம்புக்கு இப்படி ஒரு வேதனையை ஏன் வைத்தான் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கன்னத்தில் குழந்தையின் மூச்சுக்காற்று படுவதைக்கூட உணரும்படி செய்த ஒன்று, உறை தேயும்போது அதே அளவுக்கு வலிக்கவும் செய்யும். உணராத முகத்துக்கு வலி இல்லை, முத்தமும் இல்லை. அந்தப் பேற்றையும் அதைச் செப்பனிடும் அறிவையும் சேர்த்தே நமக்குக் கொடுத்திருக்கிறான் என்று நான் நம்புகிறேன்.

நம்பிக்கை உள்ளவர்களுக்குக் கடமையும் உண்டு. வீட்டில் யாருக்காவது முகத்தில் ஒரு பக்கம் மட்டும், நொடி நேரம், கரண்ட் போலப் பாயும் வலி வந்தால், பல்லில் கோளாறு இல்லை என்று பல் மருத்துவர் சொன்ன பிறகும் பல்லைப் பிடுங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதலில் மாத்திரைதான். கார்பமசெபின் என்ற வலிப்பு நோய் மருந்து இந்த வலிக்குக் கேட்கும் என்று 1962-ல் தெரியவந்தது. இன்றும் அதுவே முதல் மருந்து. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், ரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை வரலாம். தோலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும், நம் ஆசிய இனத்தார் சிலரிடம் உள்ள ஒரு மரபணுவால் அது ஆபத்தாகிவிடலாம். நரம்பையும் ரத்தக்குழாயையும் மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கட்டி இருக்கிறதா, தமனி படிந்திருக்கிறதா என்று காட்டிவிடும். மாத்திரைக்கு அடங்காதபோது அறுவையைப் பற்றிப் பேசலாம்.

சாப்பிடவும் சிரிக்கவும் பயந்து, காற்றுப் படாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, வயசானால் இப்படித்தான் என்று ஒருவர் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, கையைப் பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதுதான் அந்த முகத்தைப் படைத்தவனுக்கு நாம் செய்யும் வழிபாடு.